ஆடி சும்மாதானே இருக்கு

பஞ்சாங்கம் கணிப்பவர்கள் அடுப்படிப் பக்கம் போனதில்லை என்பதற்கு ஆடி மாதம்தான் சாட்சி. கல்யாணம் கிடையாது, கிரகப்பிரவேசம் கிடையாது, முகூர்த்தம் என்று ஒரு கட்டம்கூடக் கிடையாது. அந்த வெற்றுக் கட்டங்களைப் பார்த்துவிட்டுத்தான் 2024 ஆனிக் கடைசியில் எங்கள் வீட்டுக்காரர் அருள்வாக்கு சொன்னார்: "மொய் இல்லை, பந்தி இல்லை. ஆவணி வரைக்கும் நீ காலை நீட்டிப் படுத்துக்கோ."

ஆடி ஜூலை 17-ஆம் தேதி பிறந்தது. அன்றைக்கே காலை மடக்கியாகிவிட்டது.

மகளுக்கு வைகாசியில்தான் கல்யாணம் முடித்திருந்தோம். ஆக, இது தலை ஆடி. ஆடிக்கு அழைக்காத மாமியாரைத் தேடிப் பிடித்து என்ன செய்ய வேண்டும் என்று ஒரு பழமொழி உண்டு. அதில் செருப்பு வரும். அந்தப் பயத்திலேயே முதல் நாள் சீர்த்தட்டோடு போய் மகளையும் மாப்பிள்ளையையும் அழைத்து வந்தோம். தேங்காய்ப் பாலில் வெல்லமும் ஏலக்காயும் தட்டிப்போட்டு ஆடிப்பால், வேட்டி சேலை, இலை நிறைய விருந்து. சாயங்காலம் மாப்பிள்ளை மட்டும் ஊர் திரும்ப வேண்டும். மகள் மாதம் முழுக்க நம் வீட்டில். ஆடியில் சேர்ந்திருந்தால் சித்திரை வெயிலில் பிள்ளை பிறக்கும் என்று பெரியவர்கள் போட்ட கணக்கு அது.

கணக்கில் தப்பில்லை. ஆனால் அதைப் போட்டவர்கள் பெண் எடுத்த ஊருக்கும் கொடுத்த ஊருக்கும் நடுவே ஒரு நாள் மாட்டுவண்டிப் பயணமாவது இருக்கும் என்று நம்பியிருக்க வேண்டும். நாங்கள் இருப்பது ராஜபாளையம். சம்பந்தி வீடு ஸ்ரீவில்லிபுத்தூர். நடுவில் இருப்பது சுமார் 12 கிலோமீட்டர். போதாக்குறைக்கு மாப்பிள்ளைக்குச் சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி வியாபாரம். ஆஸ்பத்திரிகளுக்குப் போகும் காஸ் துணியும் பேண்டேஜும் அங்கேதான் விசைத்தறியில் ஓடிக்கொண்டே இருக்கும். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து அங்கே போக எங்கள் ஊர் வழியாகத்தான் போக வேண்டும். எங்கள் தெரு வழியாகப் போக வேண்டியதில்லை. அது மாப்பிள்ளையாகக் கண்டுபிடித்த குறுக்குப் பாதை.

"போற வழியில ஒரு எட்டு பாத்துட்டுப் போகலாம்னு வந்தேன் அத்தை. காப்பி மட்டும் போதும்" என்பார். காப்பி மட்டும் போதும் என்ற மாப்பிள்ளைக்குக் காப்பி மட்டும் கொடுத்த மாமியார் இந்த ஜில்லாவில் உண்டா? பஜ்ஜி போடுவேன். பஜ்ஜி ஆறுவதற்குள் இருட்டிவிடும். இருட்டிவிட்டால் தோசை. தோசை தின்ற பிறகு, "இந்நேரத்துல பைக்கை எடுக்கணுமா?" என்று என் மாமியாரே கேட்பார். ஆடி விதியை முதல் நாள் எனக்கு ஓதியவரும் அவர்தான்.

அவர் கட்சி மாறியதற்குக் காரணம் ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா. மாப்பிள்ளை வெறுங்கையோடு வருவதில்லை. பாலும் சர்க்கரையும் தவிர வேறெதுவும் சேராத, 2019-இல் புவிசார் குறியீடு வாங்கிய பண்டம். எங்கள் ஃப்ரிட்ஜில் ஓர் அடுக்கையே தன் பேருக்குப் பட்டா போட்டுக்கொண்டது. அத்தைக்குச் சுகர் உண்டு. "மாப்பிள்ளை மனசு நோகக் கூடாது தாயி" என்று காலையில் ஒரு கரண்டி, ராத்திரி ஒரு கரண்டி, மருந்து சாப்பிடுகிற மாதிரியே சாப்பிட்டார்.

எங்கள் வீட்டில் ஒரு ராஜபாளையம் நாயும் உண்டு. பால் வெள்ளை, இளஞ்சிவப்பு மூக்கு. 2005-இல் தபால் தலையில் ஏறிய இனம் என்பதால் தபால்காரரைப் பார்த்தால் கூடுதலாகவே குரைக்கும். அந்நியர் யாரையும் எளிதில் சேர்க்காத சாதி அது. இந்த இனத்தில் சில நாய்களுக்குப் பிறவியிலேயே காது கேட்காது என்பார்கள். எங்கள் நாய்க்கு நன்றாகவே கேட்கும். "கேஸ் சிலிண்டரை மாத்துங்க" என்றால் கேட்காமல் போவது வேறொருவருக்கு. கல்யாணத்தன்று மாப்பிள்ளையை வாசலில் நிறுத்தி உறுமிய அந்த நாய், ஆடி பாதி தாண்டுவதற்குள் பைக் சத்தம் கேட்டாலே கேட்டுக்கு ஓடி வாலாட்ட ஆரம்பித்தது. புதுமணத் தம்பதியைப் பிரித்து வைக்கும் திட்டம் எங்கள் வீட்டில் எந்த லட்சணத்தில் நடந்தது என்பதற்கு அதைவிட நடுநிலையான சாட்சி கிடையாது.

வெள்ளிக்கிழமை தோறும் கூழ், நடுவில் ஆடிக் கிருத்திகை, மலையிலிருந்து இறங்கும் காற்று. துணி காய்வதில் குறையில்லை. ஆனால் அடுத்த தெருவில் போய்க் காயும்.

உண்மையான ஆடி, ஆகஸ்ட் பிறந்த பிறகுதான் வந்தது. 2-ஆம் தேதி ஆடி வெள்ளி. 3-ஆம் தேதி ஆடிப் பெருக்கு. 4-ஆம் தேதி ஆடி அமாவாசை. 7-ஆம் தேதி ஆடிப் பூரத் தேர். அமாவாசை கழிந்து மூன்று நான்கு நாளில் பூரம் வருவது வழக்கம்தான். அந்த வருஷம் பெருக்கும் போய் அந்த வரிசையில் ஒட்டிக்கொண்டது.

பெருக்கன்று மகளுக்குத் தாலி பிரித்துக் கோர்க்க வேண்டும். சம்பந்தி வீட்டார் வேனில் வந்து இறங்கினார்கள். எங்கள் ஊரில் காவிரி ஏது? குழாயில் தண்ணீர் வருகிற நாள்தான் எங்களுக்குப் பெருக்கு. ஆனாலும் புளி, எலுமிச்சை, தேங்காய், தயிர் என்று நாலு வகைச் சோறு கிளறிக்கொண்டு அய்யனார் கோயில் ஆற்றுக்குப் போய்ச் சாப்பிட்டு வந்தோம். அன்று ராத்திரியே ஸ்ரீவில்லிபுத்தூரில் ஐந்து கருட சேவை. திருத்தங்கல்லிலிருந்தும் பக்கத்துத் திருவண்ணாமலையிலிருந்தும்கூடப் பெருமாள் கிளம்பி வந்து, ஐந்து பேரும் கருடன் மேல் நிற்க, ஆண்டாள் அன்ன வாகனத்தில் வருவாள். ஓர் அழைப்பையும் தட்டாமல் ஊர்விட்டு ஊர் வரும் பழக்கம் எங்கள் சொந்தக்காரர்களுக்கு எங்கிருந்து வந்தது என்று அன்றைக்கு விளங்கியது.

வீட்டுக்காரரோ அன்று சாயங்காலமே கூட்டாளிகளோடு தாணிப்பாறைக்குக் கிளம்பிவிட்டார். அமாவாசைக்குச் சதுரகிரி மகாலிங்கம் தரிசனம். "தகப்பனுக்குப் படைக்கிற நாள்ல மகன் மலையில நிக்கான்" என்று அத்தை முணுமுணுத்தார். மறுநாள் வாழைக்காய், அகத்திக்கீரை, வடை, பாயசம் வைத்துவிட்டு மொட்டை மாடியில் நின்று காக்கையைக் கூப்பிட்டதும் நான்தான். மாமனார் காக்கையாக வந்து முதலில் வடையைத்தான் எடுத்தார். உயிரோடு இருந்தபோதும் அப்படித்தான். மலையேறிப் புண்ணியம் சேர்த்து வந்தவருக்கு மூன்று நாள் முழங்காலுக்கு எண்ணெய் தேய்த்த புண்ணியம் எந்தக் கணக்கில் வரும் என்று தெரியவில்லை.

7-ஆம் தேதி தேர். ஜில்லாவுக்கே உள்ளூர் விடுமுறை. அதாவது பிளஸ் டூ படிக்கும் மகனும் வீட்டில். சம்பந்தி வீடு ரத வீதிக்குப் பக்கம். "டாக்ஸி எதுக்கு, பொம்பளைகளுக்கு டவுன் பஸ் சும்மாதானே" என்று வீட்டுக்காரர் கணக்குப் போட்டார். 2021-இல் அந்தத் திட்டம் வந்ததிலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூரில் எனக்கு இருக்கும் வேலைகள் பெருகிக்கொண்டே போகின்றன. முறுக்கு டின், பூக்கூடை, அத்தை, அத்தையின் தலையணை எல்லாவற்றோடும் பிங்க் பஸ்ஸில் ஏறினேன்.

அந்தக் காலத்தில் தேர் நிலைக்கு வர நாள் கணக்காகுமாம். இப்போது இரும்புச் சக்கரம். காலையில் வடம் தொட்டால் மதியத்துக்குள் நாலு வீதியும் சுற்றி வந்துவிடுகிறது. ஸ்ரீரங்கத்திலிருந்து வந்த பட்டை உடுத்திக்கொண்டு பிறந்தநாள்காரி ஊர்வலம் போக, சம்பந்தி அம்மாவும் நானும் மாடியிலிருந்து கும்பிட்டோம். "ஒத்தை ஆளா ஒரு ஆம்பளை வளத்த பிள்ளை மதினி இது" என்றார் அவர்.

பெரியாழ்வாரைச் சொன்னார். நந்தவனம் வைத்திருந்தவர், துளசிச் செடியடியில் கிடைத்த குழந்தையை எடுத்து வளர்த்தவர். பஞ்சாங்கம் கட்டம் ஒதுக்காத வேலைகளையெல்லாம் யசோதையாக மாறிப் பாட்டாக எழுதி வைத்தவரும் அவர்தான். தாலாட்டு, நிலாவைக் கூப்பிடுவது, காது குத்துவது, பூச்சூட்டுவது, திருஷ்டிக்குக் காப்பிடுவது, பக்கத்து வீட்டுக்காரிகள் கொண்டுவரும் புகார் உட்பட ஒன்றையும் விடவில்லை. காக்கையைக்கூடக் கூப்பிடுகிறார், கண்ணனுக்குத் தலை வார வரச் சொல்லி. ஒரே வித்தியாசம், பிள்ளையைக் குளிக்கக் கூப்பிட அவருக்குப் பத்துப் பாட்டுப் பாட நேரம் இருந்திருக்கிறது. எங்கள் வீட்டில் இரண்டாவது பாட்டிலேயே ஸ்கூல் வேன் போய்விடும்.

அதே மனிதர், மகளைக் கண்ணனிடம் பறிகொடுத்த தாயாகவும் புலம்பியிருக்கிறார். போன இடத்தில் விடியுமுன் எழுந்து தூங்காமல் தயிர் கடைய என் பெண்ணால் முடியுமா என்பது அந்தத் தாயின் கவலைகளில் ஒன்று. இதைச் சம்பந்தி அம்மாவிடம் சொல்லிவிட்டு, என் மகளைப் பார்த்தேன். மணி பத்தரை. ஆடித் தள்ளுபடியில் ஆர்டர் போட்ட சேலை எங்கே வந்துகொண்டிருக்கிறது என்று போனில் பார்த்துக்கொண்டிருந்தாள். "நம்ம வீட்டுல பாக்கெட் தயிர்தான் மதினி, கவலைப்படாதீங்க" என்றார் சம்பந்தி அம்மா. ஆயிரத்துச் சொச்சம் வருஷக் கவலை ஒன்று அங்கேயே தீர்ந்தது.

16-ஆம் தேதி கடைசி வெள்ளி. அத்தையின் நேர்த்திக்கடனுக்காக இருக்கன்குடி போய், அர்ச்சுனா நதிக்கும் வைப்பாற்றுக்கும் நடுவே இருக்கிற மாரியம்மனுக்கு, அந்தக் கூட்டத்தில் மாவிளக்கை அணையாமல் கொண்டுபோய்ச் சேர்த்தேன். ஆடி முடிந்தது.

ஆவணி பிறந்ததும் மகளை முறைப்படி அழைத்துப் போக மாப்பிள்ளை வந்தார். ஒரு மாதம் பிரிந்திருந்தவர் போல முகத்தை வைத்துக்கொள்ள ரொம்பவே முயன்றார். கிளம்பும்போது காலண்டரைப் புரட்டினார்.

"தலை தீபாவளி வியாழக்கிழமை வருது அத்தை. வெள்ளி ஒரு நாள் கடையைப் பூட்டிட்டா ஞாயிறு வரைக்கும் இங்கயே இருந்துரலாம். வந்து வந்து போற அலைச்சல் உங்களுக்கும் இல்லை பாருங்க."

நான் என்ன சொல்வதென்று யோசிப்பதற்குள் உள்ளே கட்டிலிலிருந்து அத்தையின் குரல் வந்தது: "நாலு நாளைக்குன்னா ரெண்டு கிலோவா வாங்கிட்டு வாங்க மாப்பிள்ளை!"