நிலைக்கால்ல நீ போட்ட கோலம்

தூரத்துல உன்னைப் பாத்ததும், யாரோ பழனிக்குப் போய்ட்டு உடம்பு பூரா விபூதி பூசிக்கிட்டு வர்றாகன்னு கையெடுத்துக் கும்பிட்டுட்டேன் மாப்ள. கிட்ட வந்தப்புறம்தான் தெரியுது, அது டைல்ஸ் வெட்டின தூசின்னு. பரவாயில்லை, கும்பிட்டது கும்பிட்டதாவே இருக்கட்டும். மேஸ்திரி கூலி மிச்சம்னு யூடியூப் பாத்தே ஹாலை ஒட்டி முடிச்ச ஆளைக் கும்பிடாம வேற யாரைக் கும்பிடுறது?

ஹாலு நல்லாத்தான் இருக்கு. சுவரோரம் கோணலா வெட்டினதையெல்லாம் ஸ்கர்டிங் மூடிக்கும். ரெண்டு கல்லு தட்டினா டொக்கு டொக்குன்னு வெத்துச் சத்தம் போடுது, அதுக்கு மேல சோபாவைப் போட்டுரலாம். ரூம் நிலைகிட்ட வந்துதான் மாட்டிக்கிட்ட. நிலைக்கால் மேல சோபா போட முடியாதுல்ல? வீட்டுக்கு வர்றவன் ஒவ்வொருத்தனும் வாசலைத் தாண்டும்போது குனிஞ்சு தரையைப் பாத்துத்தான் காலை வைப்பான். சரியா அங்கதான் உன் கைவேலை உக்காந்திருக்கு. எலி கொறிச்சிருந்தாக்கூட அதுல ஒரு ஒழுங்கு இருந்திருக்கும். அந்தப் பொந்தை வெள்ளை சிமெண்டை அப்பி அடைச்சிருக்க பாரு, அதுக்குத் தனியா ஒரு மாலை போடணும்.

உன்னையும் குத்தம் சொல்றதுக்கில்லை. நீ பாத்த வீடியோவுல வெள்ளைக்காரன் வீட்டு நிலையைச் சுத்தி மெல்லிசுப் பலகைதான் அடிச்சிருப்பான். வேணும்னா நெம்பி எடுப்பான், தரை போட்டுட்டுத் திரும்ப அடிப்பான். உங்க தாத்தன் வச்ச நிலை அஞ்சுக்கு மூணு வேங்கை. சுவர் எழும்புறதுக்கு முந்தியே நவதானியம் போட்டு, மஞ்சத்துணி கட்டி, ஊருக்கே சக்கரைப் பொங்கல் கொடுத்து நட்டது. அது வந்தப்ப இந்த வீட்டுல தரையும் கிடையாது, நீயும் கிடையாது. அது உனக்காக நகராது மாப்ள.

அந்தக் கால் நேரா நிக்குதுன்னு எவன் சொன்னான்? தூக்குக்குண்டை விட்டுப் பாரு. இடது கால்ல அளந்துட்டு அதே அளவை வலது காலுக்கும் வெட்டியிருக்க. நல்ல மனசுக்காரன்தான், ரெண்டையும் ஒரே மாதிரி நடத்தணும்னு நினைச்சிருக்க. அதுதான் அந்தப் பக்கம் மூணு நூல் திறந்து கிடக்கு. இன்ச்சுக்கு எட்டு நூல். ஒரு நூல்ங்கிறது உன் கணக்குல 3 மில்லிமீட்டர்னு வச்சுக்க. மூணு நூல்னா உங்காத்தா ஒத்த ரூபாயைத் தவற விட்டா நட்டமா நின்னுக்கும்.

டேப்பை நம்பாத. நிலையில கதவு உக்கார்றதுக்குக் காடி எடுத்திருக்கான், ஓரத்துல இழைச்சு வளைவு விட்டிருக்கான். இந்தப் படிக்கட்டையெல்லாம் டேப்பால அளந்து, காதுல சொருகின பென்சிலால கணக்குப் போட்டு, கடைசியில என்ன வருதுன்னுதான் பாத்தோமே. தினசரி காலண்டர் அட்டை ஒண்ணு எடு. போன வருசத்துது. முருகன் படத்தைப் பதனமா உரிச்சுட்டு எடு, இல்லேன்னா டைல்ஸ் ஒட்டி முடியற வரைக்கும் உனக்குச் சோறு கிடைக்காது. அட்டையைக் கத்தரிக்கோலால வெட்டி வெட்டி நிலைக்கால்ல பொருத்திப் பாரு. பொருந்திருச்சுன்னா அதை டைல்ஸ் மேல வச்சு கோடு போடு. அட்டை தப்பாப் போனா காசு போகாது. ரெண்டுக்கு ரெண்டு கல்லு போனா, ஒன்பது போயிருக்குன்னு கொல்லையில எண்ணிட்டுத்தான் வந்தேன்.

இப்ப வெட்டுக்கு வருவோம். நீ நிலைக்காலுக்கு எல் வெட்டு வெட்டினா உள்மூலையில விரிசல் விடுது, அப்புறம் கல்லு சரியில்லைன்னு கடைக்காரன்கிட்டப் போய்ச் சண்டை போடுற. கல்லு பாவம். குஜராத்து மோர்பியில கிட்டத்தட்ட 1,200 டிகிரியில வெந்து, அம்புட்டுத் தூரம் லாரியில குலுங்கி வந்தும் உடையாத கல்லு, உன் கை பட்டதும் உடையுதுன்னா யோசிக்கணும். கூர்மூலை எங்க இருக்கோ அங்கதான் விரிசல் பிறக்கும். அதனால முதல்ல அந்த உள்மூலையில ட்ரில்லு வச்சு ஒரு சின்ன ஓட்டை போட்டுக்க. சுத்தியல் அடியை நிறுத்திட்டு, மெதுவா, தண்ணி விட்டு. அப்புறம் ரெண்டு பக்கமும் வெட்டிக்கிட்டு வந்து அந்த ஓட்டையில நிறுத்து.

கிரைண்டர் பிளேடு வட்டமில்ல? மேல மூலையைத் தொடும்போது அடியில இன்னும் தொட்டிருக்காது. அடியும் அறுபடணும்னு நீ ஒரு அமுக்கு அமுக்குவ, மேல கோட்டைத் தாண்டி ஒரு கீறல் ஓடிரும். கடைசிக் கால் இன்ச்சைக் கல்லைக் கவுத்துப் போட்டுப் பின்பக்கமா வெட்டு. தாண்டினாலும் அது பேஸ்டுக்குள்ள புதைஞ்சு போகும். முன்பக்கம் வெட்டுறப்ப கோட்டு மேல டேப் ஒட்டிக்க, முதல்ல லேசா ஒரு கீறு, அப்புறம் ஆழமா. மூஞ்சியில நல்ல தூசி மாஸ்க்கா மாட்டு மாப்ள, கண்ணாடி போடு. அந்தத் தூசி நெஞ்சுக்குள்ள போனா திரும்பி வராது, இது கேலியில்லை.

வேங்கையில ரம்பம் வைக்க உனக்கு மனசு திடமா இருந்தா இன்னொரு வழி இருக்கு. நீ பழைய காவித் தரை மேலதான ஒட்டுற? வெட்டின துண்டுக் கல்லைப் பேஸ்டு கனத்துக்கு அட்டை வச்சுத் தரையில படுக்க வை. அதுக்கு மேல கைரம்பத்தைப் படுக்கப் போட்டு நிலைக்காலைச் சுத்தி ரெண்டு நூல் ஆழத்துக்கு அறுத்து, அடிச் சில்லை உளியால தட்டி எடுத்துரு. கல்லு மரத்துக்கு அடியில போய் ஒளிஞ்சுக்கும். வெட்டு கோணலா இருந்தாலும் எந்தக் கொம்பனுக்கும் தெரியாது, உனக்குன்னே செஞ்ச வித்தை. உற்சாகத்துல காலு முழுக்க அறுத்துராத; நிலை அந்தரத்துல தொங்கினா பாக்க ஊரே வந்துரும்.

அந்த வெள்ளை சிமெண்டுக்கு வர்றேன், அதை விட்டுருவேன்னு நினைச்சியா? இந்த விட்ரிஃபைட் கல்லு தண்ணி குடிக்காத சாதி. எடையில 100-க்கு அரை பங்குகூட இழுக்காது. வேங்கை அப்படியில்லை. ஐப்பசி கார்த்திகையில ஊதும், சித்திரையில ஒட்டிப் போகும். ரெண்டுக்கும் நடுவுல இறுக்கமா சிமெண்டை அடைச்சா, வெயில் காலத்துல மரம் விலகி மயிர்க்கோடு விடும். உங்காத்தா வாளியில தண்ணியைக் கொட்டி வீட்டைத் துடைப்பா, தண்ணி அந்தக் கோட்டுல இறங்கி நிலைக்கால் பாதத்துல போய் நிக்கும். ஈர மரம்னா கரையானுக்குப் பத்திரிகை வச்சு அழைக்கவே வேணாம்.

அதனால மரத்துக்கும் கல்லுக்கும் நடுவுல ஒரு நூல் சந்து விட்டே ஆகணும். அதுல சிமெண்டும் வேணாம், கிரவுட்டும் வேணாம். மரத்துக் கலர்லயோ கல்லுக் கலர்லயோ சிலிக்கான் டியூப் வாங்கி இழு. ரெண்டு பக்கமும் டேப் ஒட்டிட்டு இழுத்து, சோப்புத் தண்ணி தொட்ட விரலால ஒரே இழுப்பா இழுத்துட்டு, காயறதுக்குள்ள டேப்பை உரி. நிலைக்கு பாலீஷ் போடுறதா இருந்தா அதை முதல்ல முடி. சிலிக்கான் மேல பாலீஷ் ஒட்டாது.

ஹாலுக்கு ஒரு கலர், ரூமுக்கு ஒரு கலர் வாங்கி வச்சிருக்க. ரெண்டும் சேர்ற கோடு, கதவைச் சாத்தினா பலகைக்கு நேர் அடியில விழணும். நீ அதை ஹாலுக்குள்ள நாலு இன்ச் தள்ளிக் கொண்டாந்து, ரூமுக்குள்ள என்ன கலர்னு வெளிய நிக்கிறவனுக்கெல்லாம் மாதிரி காட்டுற. காரைக்குடிப் பக்கம் பழைய வீடுகள்ல ஆத்தங்குடிக் கல்லு போட்ட தரையைப் போய்ப் பாரு. கண்ணாடி மேல கையால வார்த்த சிமெண்டுக் கல்லு, சூளையே பாக்காதது. அதுலகூட ஓரத்துக்குன்னு தனிக் கல்லு வச்சுக் கரை கட்டியிருப்பாக. வாசல்ல கீத்துக் கல்லு சொருகின வேலை அங்க இருக்காது. நீயும் நாளைக்கு ரூமை ஆரம்பிக்கும்போது பேஸ்டைக் கலக்காம காய அடுக்கிப் பாரு. முழுக்கல்லு வாசல்ல இருந்து கிளம்பட்டும், துண்டெல்லாம் கட்டிலுக்கு அடியில போகட்டும்.

ஸ்கர்டிங்கைப் பத்தி ஒண்ணே ஒண்ணு: அது நிலையைவிட வெளிய துருத்திக்கிட்டு நின்னா துடைப்பம் மாட்டும், உங்காத்தா திட்டுவா. பூச்சைக் கொத்திட்டு உள்ளே தள்ளி ஒட்டு.

அப்புறம், கல்லும் பேஸ்டும் சேந்து தரை அரை இன்ச் ஏறியிருக்கே, கதவு எப்படித் திறக்கும்னு யோசிச்சியா? இப்பச் சாத்தியிருக்கிற கதவுக்கு அந்தப் பக்கம் என் மருமக இருக்கு, தெரியும்ல? காலையில இருந்து சத்தத்தையே காணோம். கோவமா தூக்கமான்னு தெரியலை. கீலைக் கழட்டிக் கதவை எடு, அடியில அரை இன்ச்சுக்கு மேல ரெண்டு நூல் சேத்து இழைச்சிரு. ஒரு பக்கம் மாமா பிடிப்பார்னு என்னைப் பாக்காத. எனக்கு இடுப்பு. எதிர்வீட்டுப் பயலைக் கூப்பிடு, அவன்தான் உன் வேலையைப் பாத்துக் காலையில இருந்து சிரிச்சுக்கிட்டு நிக்கிறான்.