கிராம் முதலாளி

நீங்கள் சைக்கிளுக்கு ஸ்டாண்டு போட்டு நிமிர்வதற்குள் அவர் அதை ஒரு கையால் தூக்கிப் பார்த்திருப்பார். "20 இருக்கும்" என்பார், துக்கம் விசாரிக்கும் குரலில். 20 கிலோ. பழைய ஹெர்குலிஸுக்கு அது நியாயமான எடைதான். ஆனால் அவர் முகத்தைப் பார்த்தால் நமக்கே ஏதோ வியாதி வந்துவிட்டது போலிருக்கும்.

ஆரணிப் பட்டு முதலாளிகளில் இவர் ஒரு தனி இனம். கடையில் மின்னணுத் தராசு உண்டு. தறிக்காரருக்குப் பாவும் ஊடையும் நிறுத்துக் கொடுக்கவும், நெய்து வந்த புடவையை நிறுத்து வாங்கவும் வைத்தது. ஞாயிற்றுக்கிழமை அதில் சைக்கிள் ஏறும், பாகம் பாகமாக. பெடல், சீட்டு, பாட்டில் மாட்டும் கூடு. ஒருமுறை நான்கு திருகாணிகளைக் கழற்றிவிட்டு டைட்டானியத்தில் போட்டார். "11 கிராம் மிச்சம்!" என்று தெருவுக்கே கேட்கச் சொன்னார். அன்று காலை உள்ளே போன நெய்ப்பொங்கல் எத்தனை கிராம் என்று தராசிடம் யாரும் கேட்கவில்லை.

உலக சைக்கிள் சம்மேளனத்தின் மேல் அவருக்குத் தீராத கோபம். பந்தய சைக்கிள் 6.8 கிலோவுக்குக் குறையக் கூடாது என்று 2000ஆம் ஆண்டிலிருந்து விதி வைத்திருக்கிறார்களாம். "முன்னேற விடமாட்டேங்கிறானுங்க" என்று பொருமுவார். அவருடைய கார்பன் சைக்கிள் 8 கிலோ. அந்த விதி அவரைத் தடுக்க இன்னும் 1,200 கிராம் பாக்கி இருக்கிறது.

வாடிக்கையாளர் வந்து உட்கார்ந்தால் ஆள் மாறிவிடுவார். "இது கைத்தறிம்மா, மிஷின் தொடாத சரக்கு" என்பார். விசைத்தறிக்காரர்கள் கை வைக்கக் கூடாத ரகங்களை ஒதுக்கிய 1985ஆம் ஆண்டுச் சட்டத்தை ஆதியோடந்தமாகச் சொல்வார். அதே மனிதரின் சைக்கிளில் கியர் மாற்றுவது மோட்டார். ஷிமானோ கம்பெனி 2009இல் கொண்டுவந்த மின்னணு கியர் வழி வந்தது. விரல் பட்டால் போதும், உள்ளே 'ஜிக்' என்று ஒரு சத்தம். வயரை இழுக்கிற கஷ்டம்கூடக் கையால் படக் கூடாதாம்.

முன்னால் 2 பல்சக்கரம், பின்னால் 11. ஆக 22 கியர். அவற்றில் பல ஏறக்குறைய ஒரே இழுவைதான் என்பது அவருக்கும் தெரியும். ஊருக்குள் அவர் ஏறும் பெரிய மலை, கமண்டல நாகநதிப் பாலம்.

கியரே வேண்டாம் என்று சொல்வதற்கில்லை. ஜவ்வாது மலை ஏறுகிறவருக்கு அது வரம். மழையில் ரிம்மை உரசும் பிரேக் வழுக்கும்போது டிஸ்க் பிரேக் உயிரைக் காக்கும். இவரும் ஜவ்வாது மலைக்குப் போனார், சைக்கிளைக் கார் கூரையில் கட்டிக்கொண்டு.

போன மாதம் படவேட்டுச் சாலையில் டயரில் காற்று இறங்கிவிட்டது. பஞ்சர் கடைக்காரர் பம்பை எடுத்தார், குனிந்தார், நிமிர்ந்தார். வால் டியூப் போட்ட நம்மூர் மவுத்துக்குத்தான் அவர் பம்பு பொருந்தும். இது ஊசி மாதிரி ஒல்லியான வால்வு. அதற்கான ஒட்டு மவுத்தை, எடை கூடுகிறதென்று முதலாளி வீட்டிலேயே வைத்துவிட்டு வந்திருந்தார்.

அந்த வழியே வந்தவர் அவருக்கே நெய்யும் தறிக்காரர், அதே மாதிரி ஒரு 20 கிலோ ஹெர்குலிஸில். முதலாளியைக் கேரியரில் ஏறச் சொன்னார். கார்பன் சைக்கிளை அவர் தோளில் மாட்டிவிட்டார். "நல்ல வேளை முதலாளி, வண்டி லேசா இருக்குது" என்றார். அவர் கிண்டல் செய்யவில்லை, நிஜமாகவே ஆச்சரியப்பட்டார். முதலாளியும் சிரித்துவிட்டார். வழியெல்லாம் அந்த ஹெர்குலிஸைப் புகழ்ந்துகொண்டே வந்தாராம். அந்த ஒரு மணி நேரம் மனிதர் தங்கம்.

அடுத்த வாரம் தறிக்காரர் புடவை கொண்டுவந்தார். முதலாளி அதைத் தராசில் வைத்தார். 9 கிராம் குறைந்தது. கூலியில் பிடித்துக்கொண்டார்.