சித்தப்பா எப்போது வருவார்? மெய்ப் பூச்சியமாக்கிகளின் வரம்புகள் குறித்து ஓர் ஆய்வு

“அண்ணி, போலாரம் வந்தாச்சு, தோசைக்கல்லைப் போடுங்க” என்று சித்தப்பா போனில் சொல்லும்போது அவர் இருப்பது திருமலகிரியில். ஆய்வின் தொடக்க நிலை இதுவே: காலம் 0, வீட்டுக்கும் அவருக்கும் இடையே 6 கி.மீ.

அரை மணியை ஓர் அலகாகக் கொண்டால் அவரது பயணம் x³ − 7x + 6 என்ற முப்படிக் கோவைக்குக் கட்டுப்படுகிறது. (நம்பாதவர்கள் அவரோடு ஒருமுறை காரில் போய்ப் பார்க்கலாம்.) செகந்திராபாத் பக்கம் மிகை, ஷாமீர்பேட்டை பக்கம் குறை. கோவை பூச்சியமாகும் கணத்தில் வண்டி நம் வாசலில் இருக்கும். நிற்கும் என்று சொல்லவில்லை.

முதலில், வருவாரா? டெஸ்கார்ட்டே 1637-இல் தந்த குறி விதியைக் கேட்போம். கெழுக்களின் குறி இரண்டு முறை மாறுகிறது. ஆகவே மிகைப் பூச்சியமாக்கிகள் இரண்டு, இல்லாவிட்டால் ஒன்றுமே இல்லை. அதாவது இரண்டு தடவை வருவார், அல்லது வரவே மாட்டார். சித்தப்பாவை இவ்வளவு சரியாகப் புரிந்துகொண்டவர் எங்கள் குடும்பத்திலேயே கிடையாது.

அடுத்து, எதுவரை அடுப்பை எரியவிடுவது? கோஷியின் வரம்பு (1829) சுலபமானது. தலைக்கெழு 1 என்பதால், மற்ற கெழுக்களில் அளவில் பெரியதோடு ஒன்றைக் கூட்டினால் போதும்: 7 + 1 = 8. ஆக நாலு மணி நேரம். கோஷிக்கு சிலிண்டர் விலை தெரியாது.

பெரியம்மா தொகுமுறை வகுத்தலின் கட்சி. மிகை எண் ஒன்றைப் போட்டு வகுத்து, கடைசி வரியில் குறை எண் தலைகாட்டாவிட்டால் அதுவே மேல்வரம்பு. 3-ஐப் போட்டால் 1, 3, 2, 12. ஒன்றரை மணி நேரத்தில் கதை முடிந்தது. பேராசைப்பட்டு 2.5-ஐப் போட்டால் நடுவே −0.75 வந்து கெடுக்கிறது. உண்மையில் 2.5-க்கு அப்பாலும் பூச்சியமாக்கி இல்லைதான். ஆனால் இந்தச் சோதனையில் தேறினால் வரம்பு உறுதி, தேறாவிட்டால் ஒன்றும் தெரியாது.

விடைகள் 1, 2, −3. முதல் அரை மணி முடிவில் சித்தப்பா வீட்டைத் தாண்டி, ஹக்கீம்பேட்டை திசையில் ஒரு கிலோமீட்டருக்கு மேல் போனார். பழி பெரியப்பா சொன்ன அடையாளத்துக்கு: “ராஷ்டிரபதி நிலையத்துக்குப் பக்கம்.” 1860-இல் கட்டிய அந்த மாளிகையின் வளாகம் சுமார் 90 ஏக்கர். அதில் எந்தப் பக்கம்? அடுத்த அரை மணியில் திரும்பினார். −3 தான் அதிர்ச்சி: போன் செய்வதற்கு ஒன்றரை மணி முன்பே, கரீம்நகரிலிருந்து வரும் வழியில், நம் வாசலைக் கடந்து செகந்திராபாத் வரை போய்விட்டுத் திரும்பியிருக்கிறார். −4-ஐப் போட்டால் 1, −4, 9, −30 எனக் குறிகள் மாறி மாறி வருகின்றன; குறை எண்ணைப் போடும்போது கீழ்வரம்புக்கு இதுவே சோதனை. ஆகவே அதற்கும் முன்னால் அவர் இந்தப் பக்கம் எட்டிப்பார்க்கவில்லை என்பதும் உறுதி.

மாறிலியைத் தவிர எந்தப் பல்லுறுப்புக்கோவைக்கும் ஓரிடத்தில் நிற்கத் தெரியாது. 2-இல் வாசலைக் கடந்தவர் 3-இல் 12 கி.மீ. தள்ளியிருந்தார். அந்நேரம் பெரியம்மா அடுப்பை அணைத்து மாவை ஃபிரிட்ஜில் வைத்தது தேற்றப்படி முழுக்கச் சரி. சித்தப்பா கோபித்துக்கொண்டது இவ்வாய்வின் வரம்புக்குள் வராது.