வெட்டு மேஸ்திரி

தென்பெண்ணைக் கரையில், மணலூர்பேட்டையைச் சுற்றியுள்ள ஊர்களில், அரவைப் பருவம் வந்துவிட்டால் கைப்பேசி ஓயாமல் ஒலிப்பது கரும்பு வெட்டு மேஸ்திரிக்குத்தான். மூங்கில்துறைப்பட்டில் உள்ள கள்ளக்குறிச்சி கூட்டுறவு சர்க்கரை ஆலையின் புகைபோக்கி புகையத் தொடங்கியதும், ஆலைக்கும் விவசாயிக்கும் வெட்டாளுக்கும் நடுவில் இவர் முளைத்துவிடுகிறார். ஆலையின் சம்பளப் பட்டியலில் இவர் பெயர் இருக்காது. விவசாயிக்கு உறவும் இல்லை. தாமே வெட்டாளாக இருந்து, கைப்பேசியை ஒருபோதும் அணைத்து வைக்காத ஒரே காரணத்தால் பதவி உயர்வு பெற்றவர்.

லுங்கி, பாக்கெட் வைத்த சட்டை, தோளில் துண்டு, பாக்கெட்டில் மடித்த நோட்டு. நோட்டின் இடப்பக்கம் கொடுத்த அட்வான்ஸ், வலப்பக்கம் வெட்டிய டன். இரண்டு பக்கமும் ஒத்துப்போன பருவம் என்று எதுவும் வரலாற்றில் பதிவாகவில்லை.

நகரத்து மேலாண்மைக் கல்லூரிகளில் நிர்வாகம், தலைமை, பயிற்றுவித்தல் என்று தனித்தனி வகுப்பெடுத்து, தனித்தனியே கட்டணமும் வாங்குகிறார்கள். மேஸ்திரி மூன்றையும் ஒரே துண்டின் முனையில் முடிந்து வைத்திருக்கிறார். எந்த நேரத்தில் எதை அவிழ்ப்பது என்பதில்தான் சிக்கல்.

முதலில் நிர்வாகம். பிரெஞ்சு நாட்டுச் சுரங்கப் பொறியாளர் ஹென்றி ஃபயோல் 1916-ல் நிர்வாகத்தை ஐந்து வேலைகளாகப் பிரித்தார்: திட்டமிடல், ஒழுங்கமைத்தல், ஆணையிடல், ஒருங்கிணைத்தல், கட்டுப்படுத்தல். மேஸ்திரி இந்த ஐந்தையும் விடியற்காலை நாலரை மணிக்கு, பல் துலக்கிக்கொண்டே, ஒரே அழைப்பில் முடிக்கிறார். நடுவில் வசவு என்ற ஆறாவது வேலையும் நடக்கும். ஃபயோல் அதைக் கவனிக்கவில்லை. எந்தத் தோட்டத்துக்கு வெட்டு உத்தரவு வந்திருக்கிறது, யாருடைய டிராக்டர் எத்தனை மணிக்கு வரும், நேற்று வராத ஜோடி இன்று ஏன் வந்தே ஆக வேண்டும் என்பதெல்லாம் அந்த அழைப்பில் அடங்கும். பேசி முடித்ததும் நோட்டில் ஒரு கோடு போடுவார். அந்தக் கோட்டின் பொருள் அவருக்கு மட்டும் தெரியும், அதுவும் சாயங்காலம் வரைக்கும்தான்.

தலைமை என்பது சிக்கல் வரும்போது தெரிவது. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையால் சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு ஒன்றரை லட்சம் கன அடிக்கு மேல் தண்ணீர் திறக்கப்பட்டு, தென்பெண்ணை கரைமீறி ஓடியது. இப்படி ஒரு வெள்ளம் போன பிறகு கரையோரக் கரும்பு நேராக நிற்காது, படுத்துவிடும். படுத்த கரும்பை வெட்டுவது நின்ற கரும்பை வெட்டுவதைப் போல இரண்டு மடங்கு வேலை. வெட்டாட்கள் வரப்பில் உட்கார்ந்துவிடுவார்கள். விவசாயி கூலியைக் கூட்டித் தரமாட்டேன் என்பார். அந்த நேரத்தில் மேஸ்திரி நோட்டை மூடி வைத்துவிட்டு, லுங்கியை மடித்துக் கட்டி, முதல் ஆளாகச் சேற்றில் இறங்கி வெட்டத் தொடங்குவார். பேச்சு எதுவும் இருக்காது. அரை மணி நேரத்தில் ஆட்கள் ஒவ்வொருவராக எழுந்து வருவார்கள். விவசாயியும் கூலி பற்றி இறங்கிப் பேசுவார். மேஸ்திரி உண்மையில் பெரிய மனிதராகத் தெரியும் இடம் இதுதான். மறுநாள் முழுக்க இடுப்பு வலி என்று திண்ணையில் படுத்துக் கிடப்பதைக் கணக்கில் சேர்க்கத் தேவையில்லை.

மூன்றாவதான பயிற்றுவித்தலில்தான் இவருடைய கைத்திறமை இருக்கிறது. மலையிலிருந்தோ அக்கம்பக்க ஊரிலிருந்தோ புதிதாக வந்த பையன் உடம்பு வணங்கிக் குனியாமல் கரும்பை நாலு விரல் உயரத்தில் வெட்டுவான். கரும்பில் இனிப்பு அடிக்கணுக்களில்தான் அதிகம். கொழுந்து பக்கம் போகப் போக அது குறையும். தரையோடு தரையாக வெட்டாவிட்டால் விவசாயிக்கு எடை போகும், ஆலைக்குச் சர்க்கரை போகும், மறுதாம்புப் பயிரும் ஒழுங்காகத் தழைக்காது. மேஸ்திரி இதில் எதையும் விளக்குவதில்லை. பையன் கையிலிருந்து கத்தியை வாங்கி ஒரு சால் வெட்டிக் காட்டுவார். சோகை கழிப்பது, கொழுந்தாடை சீவுவது, கட்டுப் போடுவது எல்லாம் அதிலேயே வந்துவிடும். கத்தியைத் திருப்பிக் கொடுக்கும்போது மட்டும் ஒரு வாக்கியம்: “காசு அடியிலதான்டா இருக்குது, குனிஞ்சு எடு.” பிறகு அந்தப் பக்கமே திரும்பிப் பார்க்கமாட்டார். பையன் தப்புச் செய்து, தானே திருத்திக்கொள்ளும் வரை தள்ளியே நிற்பார். உளவியலாளர் டேனியல் கோல்மன் 2000-ல் வெளியிட்ட கட்டுரையில் 3,871 நிர்வாகிகளைப் பற்றிய ஆய்வை வைத்துத் தலைமையை ஆறு பாணிகளாகப் பிரித்தார். அவற்றுள் மிகக் குறைவாகப் பயன்படுவது பயிற்றுவிக்கும் பாணி. நேரமில்லை என்பதே பலரும் சொல்லும் காரணம். டிராக்டர் ஓட்டுநர் வரப்பிலிருந்து ஹாரன் அடித்துக்கொண்டிருக்க, ஒரு சால் வெட்டிக் காட்ட மேஸ்திரிக்கு நேரம் கிடைக்கிறது.

இவ்வளவு தெரிந்தவர் வீட்டுக்குள் நுழைந்ததும் மூன்றையும் இடம் மாற்றி வைத்துவிடுகிறார்.

பன்னிரண்டாம் வகுப்புப் படிக்கும் மகன் அரையாண்டுத் தேர்வில் கணக்கில் தவறி நிற்கிறான். அவனுக்கு வேண்டியது பக்கத்தில் உட்கார்ந்து ஒரு கணக்கைப் போட்டுக் காட்ட ஓர் ஆள். ஒரு சால் வெட்டிக் காட்டும் வேலைதான். மேஸ்திரி அங்கே தலைமை உரை ஆற்றுகிறார். அவர் அவன் வயதில் எத்தனை கட்டு சுமந்தார் என்பதில் தொடங்கி, அப்துல் கலாம் வழியாக, மகனின் தலைமுடியில் வந்து முடிகிறது. மகள் ஸ்கூட்டர் பழகுகிறாள். கூட ஓடிப் பிடித்துவிட ஆள் வேண்டும். அங்கே நிர்வாகம் நடக்கிறது: எத்தனை மணிக்குப் போனாய், எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கிறது, பெட்ரோல் எவ்வளவு. தம்பிகளுக்குள் பங்குப் பிரச்சினை. மூத்தவர் நடுவில் நின்று ஒரு முடிவு சொன்னால் தீர்ந்துவிடும். அன்றைக்கென்று பார்த்து இவருக்குப் பொறுமையான ஆசான் வேடம். “நீங்களே யோசிச்சு ஒரு முடிவுக்கு வாங்க” என்று சொல்லிவிட்டுத் துண்டை உதறிக்கொண்டு கிளம்புகிறார். தம்பிகள் யோசித்ததன் விளைவாக வழக்கு திருக்கோவிலூர் நீதிமன்றத்தில் வாய்தா வாங்கிக்கொண்டிருக்கிறது.

இதற்குக் காரணம் குணக்கேடு அல்ல. வயலில் செய்த தப்பு சாயங்காலத்துக்குள் தெரிந்துவிடும். எடைமேடைச் சீட்டு முகத்தில் அடித்தாற்போல் சொல்லிவிடும்; சோகையோடு ஏற்றிய லோடுக்குக் கழிவு பிடித்துவிடுவார்கள்; பிடிக்காத ஆள் மறுநாள் வேறு மேஸ்திரியிடம் போய்விடுவான். இப்படித் தினமும் திருத்தப்பட்டே மேஸ்திரி நல்ல மேஸ்திரி ஆகிறார். வீட்டில் எடைபோட்டுச் சீட்டுக் கொடுப்பவர் யாரும் இல்லை. பிள்ளைகளால் வேறு அப்பாவிடம் போய்ச் சேரவும் முடியாது.

மனைவி இருக்கிறாரே என்று கேட்கலாம். அவர் தனியாகச் சொல்லப்பட வேண்டியவர். பல இடங்களில் மேஸ்திரியின் மனைவியும் அதே கூட்டத்தில் ஒரு வெட்டாள்; கணவன் வெட்ட, இவர் கட்டுகிறார். இவரிடம் நோட்டு இல்லை, ஆனால் எந்த ஜோடி எவ்வளவு அட்வான்ஸ் வாங்கியது, அதில் எவ்வளவு பள்ளிக்கூடத்துக்குப் போனது, எவ்வளவு டாஸ்மாக்குக்குப் போனது என்பது வரை தெரியும். புதிதாகக் கல்யாணமாகி வந்த பெண்ணுக்குத் தோகையை முறுக்கிக் கயிறாக்கிக் கட்டுப் போடக் கற்றுக்கொடுப்பவர் இவர். கூலிச் சண்டை முற்றும்போது, “சாப்டுட்டுச் சண்ட போடுங்க” என்று தூக்குச்சட்டியைத் திறப்பவரும் இவர்தான். மூன்று வேலையும் இவரிடமும் உண்டு; ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் செய்கிறார். கணவர் ஸ்கூட்டர் கணக்குக் கேட்கும்போது, “ஏங்க, அவ இன்னா லோடா ஏத்திக்கினு போனா?” என்ற ஒரு கேள்வியில் நிர்வாகத்தை முடித்துவைக்கிறார்.

மேஸ்திரிக்கான ஆண்டுத் தேர்வு தை ஐந்தாம் நாள் வருகிறது. அன்று மணலூர்பேட்டையில் ஆற்றுத் திருவிழா. திருவண்ணாமலையிலிருந்து அருணாசலேஸ்வரர் தீர்த்தவாரிக்காக ஆற்றுக்கு எழுந்தருள்கிறார். சுற்றுவட்டாரத்துச் சாமிகளும் வந்து சேர்கின்றன. ஆற்று மணலில் கடை, ராட்டினம், கரும்பு, கூட்டம். அரவையோ அப்போதுதான் உச்சத்தில் இருக்கும். வெட்டிய கரும்பை ஒரு நாளுக்குள் ஆலைக்கு அனுப்பாவிட்டால் எடையும் சர்க்கரையும் குறையும் என்பதால், முன்கூட்டியே வெட்டிக் குவித்து வைத்துவிட்டுத் திருவிழாவுக்குப் போகவும் வழியில்லை. லாரி அனுப்புகிறோம் என்று ஆலையிலிருந்து பேசுவார்கள். சாமி வருது என்று ஆட்கள் சொல்வார்கள்.

மேஸ்திரி முதலில் நிர்வாகத்தை எடுப்பார்: ஆளுக்கு நூறு ரூபாய் கூடுதல். ஒருவரும் அசையமாட்டார்கள். பிறகு தலைமை: “நானும் போகல, உங்களோடவே நிக்கிறேன்.” புதிதாக வாங்கிய வேட்டி பீரோவில் இருப்பது எல்லோருக்கும் தெரியும் என்பதால் இதற்குச் சிரிப்புதான் பதில். கடைசியில் பயிற்றுவித்தல்: நீங்களே முடிவு பண்ணுங்க. அவர்கள் உடனே முடிவு பண்ணிவிடுவார்கள்.

இதற்குள், ஒரு வாரம் முன்பே, மனைவி ஆலையின் கரும்பு அலுவலரிடம் பேசி அன்றைக்கு வண்டி வேண்டாம் என்று சொல்லியிருப்பார். தை நான்காம் நாள் மதியத்தோடு வெட்டு நின்று, இருந்த கட்டெல்லாம் ஏற்றியாகி, வயலில் வெட்டிய கரும்பு ஒன்றும் காய்ந்து கிடக்காதபடி ஏற்பாடாகியிருக்கும். சாயங்காலம் மேஸ்திரி வரப்பில் ஏறி நின்று, நாளைக்கு லீவு விடுவதாகத் தாம் முடிவு செய்திருப்பதை அறிவிப்பார். ஆட்கள் கைதட்டுவார்கள்.

ஆகவே, வரும் பருவத்துக்கு வெட்டு ஆள் தேடும் விவசாயிகள் மேஸ்திரியின் கைப்பேசிக்குத் திரும்பத் திரும்ப அடித்துக்கொண்டிருக்க வேண்டாம். பொழுது சாய்ந்த பிறகு வீட்டுக்கே போய், அந்த அம்மாவிடம் தேதியைக் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். அட்வான்ஸை மட்டும் மேஸ்திரி கையில் கொடுங்கள். அதை வாங்கி வைப்பவர் யார் என்பதை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.