வாசலில் வந்து நிற்பவருக்கு என்ன பதில்?

கேள்வி: ஞாயிற்றுக்கிழமை காலையில் இருவர் கையில் பையோடு வந்து கிறிஸ்தவ மதம் பற்றிப் பேசுகிறார்கள். நாங்கள் பௌத்தர்கள் என்றாலும் விடுவதில்லை. முகத்தில் அடித்தாற்போல் பேசவும் மனமில்லை. என்ன செய்ய? (பெரம்பூர் வாசகி)

பதில்: முதலில் தண்ணீர் கொடுங்கள், வெயிலில் மாடியேறி வந்திருக்கிறார்கள். தாங்கள் நல்லதென்று நம்புவதை உங்களுக்கும் தர வருகிறார்கள். அந்த எண்ணத்தில் தப்பில்லை. நம் சமயமும் அப்படித்தான் பரவியது. இயேசு தம் சீடர்களை இருவர் இருவராக அனுப்பினார். புத்தரோ முதல் அறுபது பேரை அனுப்பியபோது ஒரே வழியில் இருவர் போக வேண்டாம் என்றார். ஊர் ஊராகப் போன விஷயத்தில் இரண்டு பக்கத்துக்கும் வித்தியாசம் அவ்வளவுதான்!

அவர்கள் தண்ணீர் குடித்ததும் சொல்லிவிடுங்கள்: "அக்கா, நாங்க புத்தரை ஏத்துக்கிட்டவங்க. மாறுற எண்ணம் இல்லை. இதுக்காக நீங்க மறுபடி படியேற வேண்டாம்." சிரித்த முகத்தோடு சொன்னால் போதும். "அப்புறம் பார்க்கலாம்" மட்டும் வேண்டாம். அதை நம்பி அடுத்த வாரமும் வருவார்கள். அலையவிட்ட பாவம் நமக்கு.

கேள்வி: மணிமேகலையே பிற சமயத்தார் சொன்னதைக் கேட்டாளே? (கோலார் தங்கவயல் வாசகர்)

பதில்: கேட்டாள். வஞ்சி நகரில் தானே தேடிப்போய்க் கேட்டாள். உங்களுக்கும் ஆசையிருந்தால் பாய் விரித்து உட்காரவைத்துக் கேளுங்கள். குக்கர் விசில் அடிக்கும் நேரத்தில் கேட்டே ஆகவேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

கேள்வி: "அம்மா வீட்ல இல்லை" என்று பையனைச் சொல்லச் சொல்கிறேன். தவறா?

பதில்: தவறுதான். பஞ்சசீலத்தில் நான்காவது போயிற்று. விளையாட்டுக்குக்கூடப் பொய் சொல்லாதே என்று தம் மகன் ராகுலனுக்குக் கற்றுக்கொடுத்தவர் புத்தர். "அம்மா வேலையா இருக்காங்க, இப்ப பேச முடியாது" என்று சொல்லச் சொல்லுங்கள். உண்மையும் ஆயிற்று, பையனுக்கும் எளிது.

கேள்வி: "உங்கள் புத்தர் செத்துப்போனவர், எப்படிக் காப்பாற்றுவார்?" என்று ஒருவர் கேட்டார். ரத்தம் கொதித்தது.

பதில்: எதற்குக் கொதிக்க வேண்டும்? வைசாகப் பௌர்ணமியில் நாம் நினைவுகூரும் மூன்று நிகழ்வுகளில் அவர் மறைவும் ஒன்று. "ஆமாங்க, எண்பது வயசுல குசிநகரத்துல மறைஞ்சார். தனக்குப் பிறகு தம்மமே ஆசான்னு சொல்லிட்டுப் போனார்" என்று சொல்லுங்கள். தம்மை யாராவது இகழ்ந்தால் கோபப்படக் கூடாது, தவறு எதுவோ அதை மட்டும் விளக்க வேண்டும் என்று புத்தர் சொன்னது பௌத்த நூலான தீக நிகாயத்தின் முதல் சூத்திரமான பிரமஜாலத்தில் இருக்கிறது. காரணமும் சொன்னார்: கோபம் வந்துவிட்டால், எதிராளி பேசியது சரியா தப்பா என்பதே நமக்குப் புலப்படாது.

கேள்வி: பதிலுக்கு நானும் அவர்களைப் பௌத்தத்துக்கு இழுக்கலாமா? (வேலூர் வாசகர்)

பதில்: வேண்டாம். நாளந்தாவில் உபாலி என்றொரு செல்வந்தர், சமணத் தலைவர் நிகண்ட நாதபுத்தரின் சீடர். புத்தரை வாதத்தில் மடக்கவே வந்தார். மனம் மாறி, "இனி நான் உங்கள் சீடன்" என்றார். புத்தர் அவரை வாரி அணைத்துக்கொள்ளவில்லை. நன்றாக யோசித்துப் பாருங்கள் என்றார். நிகண்டர்களுக்கு (சமணத் துறவிகளுக்கு) உங்கள் வீட்டில் இத்தனை காலம் இட்ட உணவை நிறுத்திவிடாதீர்கள் என்றும் சொன்னார். தானாக வந்தவரிடமே அவ்வளவு நிதானம்! கேட்டால் சொல்லுங்கள். கேட்காதவர் கையில் புத்தகத்தைத் திணிக்காதீர்கள்.

கேள்வி: "மதப் பிரசாரத்துக்கு அனுமதி இல்லை" என்று வாசலில் எழுதி மாட்டலாமா?

பதில்: தாராளமாக. கீழே ஒரு வரி சேர்த்துவிடுங்கள்: "தாகத்துக்குத் தண்ணீர் உண்டு, கூப்பிடுங்கள்."