நாய்க்கு மட்டும் இங்கிலீஷ்

நேற்றுக் காலை பசியாறிவிட்டு வெளியே வந்தால், கேட்டுக்கு அந்தப் பக்கம் கோயில் கமிட்டிக்காரர்கள் மூன்று பேர். இந்தப் பக்கம் நான். இடது காலில் சிலிப்பர், வலது கால் வெறுங்கால், கையில் துடைப்பம். தென்னை மரத்தடியில் ரெக்ஸ், அவன் வாயில் என் வலது சிலிப்பர். தொண்டை கிழிய நான் கத்திக்கொண்டிருந்தது இது: “ரெக்ஸ்! நோ! டிராப் இட்! கம் ஹியர் ஐ சே!”

அவர்கள் கொண்டுவந்திருந்த அழைப்பிதழில் என் பெயர் அச்சாகியிருந்தது. சிறப்புரை: ‘வீட்டில் தமிழே பேசுவோம்’.

தலைவர் பெரிய மனிதர். எதுவும் காதில் விழாதவர்போல் தென்னங்குலையை எண்ணிக்கொண்டு நின்றார். கூட வந்த பொடியன்தான் வாயைத் திறந்தான். “ஐயா, நாய்க்குத் தமிழ் தெரியாதுங்களா?” தமிழ்ப்பள்ளியில் என்னிடம் ஆறாம் ஆண்டு படித்தவன். ஒற்று மிகும் இடத்தில் மிகாது, மிகாத இடத்தில் மிகும், அப்படி எழுதியவன். அவன் என்னைக் கேட்கிறான். மத்தியானம் எனக்குச் சோறு இறங்கவில்லை.

ரெக்ஸ் ஆட்டுக்கூட்டத்தை என்ன செய்தான் என்பதைச் சொல்லத்தான் இன்று உட்கார்ந்தேன். அதற்கு வருகிறேன். முதலில் இதைத் தீர்த்துக்கொள்வோம். நீங்கள் உங்கள் நாயை எந்த மொழியில் ஏசுகிறீர்கள்? நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்கள்.

எங்கள் வரிசையில் ஒரு பாட்டி இருக்கிறார். கைநாட்டு. அவருக்குத் தெரிந்த இங்கிலீஷ் நான்கே சொல்: கம், கோ, சிட், நோ. நான்கையும் சேர்த்து வைத்திருப்பது நாய்க்காக. “சிட்டுடா, சொன்னா கேளு, சிட்டு!” எங்கள் ஊர் பாகான் டத்தோவில் தெலுங்கு வீடுகளும் நிறைய. சாம்பாரில் புளி எவ்வளவு என்பதிலிருந்து சம்பந்தம் பேசுவதுவரை எங்களுக்குள் ஆயிரம் வழக்கு. நாயைக் கூப்பிடும்போது மட்டும் இரண்டு வீட்டிலும் ஒரே மொழி. கோழிக்கு ‘பா பா’, காக்கைக்கு ‘கா கா’, மாட்டுக்கு ‘ஹை ஹை’, நாய்க்குக்கூட ‘தோ தோ’ என்று நம்மிடம் வண்டி வண்டியாகச் சொல் இருந்தது. தெரு நாய் இன்னமும் ‘தோ தோ’வுக்குத்தான் வருகிறது. அதே நாயைக் குளிப்பாட்டிக் கழுத்தில் ஒரு பட்டையைக் கட்டியதும் அது இங்கிலீஷ் மீடியத்துக்குப் போய்விடுகிறது.

இதெல்லாம் துரைமார் விட்டுப்போன வேலை என்பது என் கட்சி. அந்தக் காலத்தில் தோட்டத்துக்கு வந்த வெள்ளைக்காரன் தமிழ் படித்துப் பரீட்சை எழுத வேண்டும். படித்தார்கள், தேறினார்கள். தேறிய தமிழை எங்கள் அப்பாமார் தலையில் ஏசித் தீர்த்தார்கள். சாயங்காலம் பங்களாத் திண்ணையில் உட்கார்ந்து நாயிடம் கொஞ்சும்போது மட்டும் தாய்மொழி. வேலிக்கு வெளியே நின்று பார்த்தவனுக்கு என்ன தோன்றும்? ஏச்சுக்குத் தமிழ், கொஞ்சலுக்கு இங்கிலீஷ். தென்னைக்குப் பதில் செம்பனை வந்தாயிற்று, துரை போய் அறுபது எழுபது வருஷம் ஆயிற்று, நாய் மட்டும் பங்களாவிலேயே நிற்கிறது.

நான் முயலாமல் இல்லை. கோலாலம்பூரில் பதினாலாவது மாடியில் இருக்கும் என் மகள், “ரெண்டே வாரம்தான்பா” என்று ரெக்ஸைக் கொண்டுவந்து இறக்கி எட்டு மாதம் ஆகிறது. வந்த அன்றே தமிழ்ப்பெயர் வைத்தேன். நாய், பன்றி, புலி, முயல் நான்கின் குட்டிக்கும் ‘குருளை’ என்பது தொல்காப்பியர் மரபியலில் சொன்ன பெயர். “குருளை, வா!” ஒரு வாரம் கூப்பிட்டேன். திரும்பியும் பார்க்கவில்லை. என் வீட்டுக்காரி “என் புள்ள, வாடா” என்றாள், வாலை ஆட்டிக்கொண்டு ஓடினான். அங்கேதான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மற்ற குட்டிகளைப் பிள்ளை என்றாலும் பிழையில்லை, நாயை மட்டும் அப்படிச் சொல்லக்கூடாது என்று தொல்காப்பியரே விதிவிலக்கு வைத்திருக்கிறார். நூற்பாவோடு எடுத்துச் சொன்னேன். “அவரு நாய் வளத்திருக்க மாட்டாரு” என்று சொல்லிவிட்டுக் கருவாட்டுத் தலையை அவனுக்குப் போட்டாள்.

இவன் சாதி நாய் வேறு. பார்டர் கோலி. இங்கிலாந்துக்கும் ஸ்காட்லாந்துக்கும் நடுவே ஆடு மேய்க்கப் பிறந்த இனம். பள்ளி விடுமுறைக்கு வந்த பேரன் யூடியூப்பில் பார்த்து அதற்கான ஆணைகளைக் கற்றுக்கொடுத்துவிட்டுப் போனான். ‘கம் பை’ என்றால் கடிகாரம் சுற்றும் பக்கமாக மந்தையை வளைக்க வேண்டும், ‘அவே’ என்றால் எதிர்ப்பக்கம். மந்தைக்கு எங்கே போவது? ரெக்ஸ் குரும்பைகளைப் பொறுக்கிக் கிணற்றடியில் வட்டமாக அடுக்கினான். பிறகு சிலிப்பர். ஒரு ஜோடியில் ஒன்றுதான் எடுப்பான், எப்போதும் வலது. அமெரிக்காவில் ஜான் பில்லி என்று ஒரு ஓய்வுபெற்ற பேராசிரியர் தன் சேஸர் என்ற பார்டர் கோலிக்கு 1,022 பொம்மைகளின் பெயரைக் கற்றுக்கொடுத்தார். நானும் ஓய்வுபெற்ற வாத்தியார்தான். ‘விடு’ என்ற ஒரு சொல் ஏறவில்லை.

போன மாதம் பக்கத்து வீட்டுப் பாக் சிக்கின் சிலிப்பரைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டான். நாய் எச்சில் பட்டால் முஸ்லிம்களான அவர்கள் ஏழு தடவை கழுவ வேண்டும், அதில் ஒரு தடவை மண் கரைத்த தண்ணீரில். வெட்கத்தோடு இருபது வெள்ளியை எடுத்துக்கொண்டு போனேன். “தாக் அப்பா, சிகு” (பரவாயில்லை, வாத்தியாரே) என்று காசை என் கையிலேயே மடித்துவைத்தார். நல்ல மனுஷன். என் பின்னாலேயே வந்து நின்ற ரெக்ஸைப் பார்த்து ஒரு விரலை நீட்டி, “யூ! கோ ஹோம்!” என்றார். அவருமா!

இவனும் எங்கே போய்விடப் போகிறான் என்றுதான் அவிழ்த்து விடுகிறேன். வடக்கே பேராக் ஆறு, தெற்கே பெர்ணாம் ஆறு, மேற்கே கடல். மூன்று பக்கமும் தண்ணீர். ஓடினால் ஊத்தான் மெலிந்தாங் பக்கம்தான் ஓட வேண்டும். ஆனால் அந்த ரோட்டோரத்தில்தான் ஆட்டுக் கொட்டகை இருக்கிறது. அங்கே பதினோரு ஆடு, ஒரு கிடா.

கேட்டில் ஆட்டுக்காரர் குரல் கேட்கிறது. தமிழில்தான் ஏசுகிறார். உச்சரிப்பு சுத்தம், ‘கழுதை’யில் ழகரம்கூடப் பிசகவில்லை.