கல்லுக்குப் போகும் வழி

1994 மே மாதத்தில் ஒரு திங்கட்கிழமை. பாரிஸ் கார் து லியோன் நிலையத்தில் ரயிலேறி, புவா-லெ-ருவாவில் இறங்கியபோது என் சட்டைப்பையில் ஓடர் எழுதும் துண்டு ஒன்று இருந்தது. நான் கோப்பை கழுவிக்கொண்டிருந்த உணவகத்தின் சமையற்காரர், அறுபதை நெருங்கிய பிரெஞ்சுக்காரர், அதில் பென்சிலால் வழி வரைந்து தந்திருந்தார். ஸ்டேஷன், ஒரு கோடு, பெருந்தெருவைக் கடக்கும் இடம், அதற்கப்பால் பத்துப் பன்னிரண்டு புள்ளிகள். அந்தப் புள்ளிகள்தான் ரோஷே கனோன். ஃபோந்தெனப்லோ காட்டுக்குள் இப்படிக் கற்கள் கூட்டம் கூட்டமாகக் கிடக்கும் இடங்கள் நிறைய உண்டு. கயிறு இல்லாமல், ஆள் உயரமும் இரண்டாள் உயரமுமான கல்லில் கையாலும் காலாலும் ஏறுவதற்கு உலகம் முழுவதிலுமிருந்து ஆட்கள் வருகிறார்கள்.

என்னோடு அறையில் இருந்த அண்ணை ஒருவரும் வந்தார். "காட்டுக்குள்ள சும்மா போற சனமும் இருக்கோ?" என்று ரயிலில் இரண்டு தரம் கேட்டார். வன்னிக் காட்டுக்குள் இரவிரவாக நடந்து, செல்லடிக்குப் பயந்து மரத்தடியில் படுத்து, கொழும்புக்கு வந்து, அங்கிருந்து பாரிஸ் வந்தவர் அவர். காடு என்பது அவருக்கு ஒளிக்கிற இடம். எனக்கோ அது தெரியாத இடம். நாங்கள் இருவரும் யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புக்கல் தரையில் வளர்ந்தவர்கள். கீரிமலை என்று பெயர் இருக்கிறதே தவிர, அது கடற்கரைக் கேணிதான்.

மூன்று மணி நேரம் நடந்தோம். சந்திகளில் பெயர்ப்பலகை இருந்தது, மரங்களில் எண் எழுதிய தகடு இருந்தது. இரண்டுமே எங்கள் துண்டில் இல்லை. ஒரே சந்திக்கு மூன்றாம் தரமும் வந்து சேர்ந்தபோது அண்ணை எதுவும் பேசாமல் ஸ்டேஷன் பக்கம் திரும்பிவிட்டார்.

மறுநாள் சமையற்காரர் எனக்குச் சொன்ன பாடம் முப்பது வருடமாகியும் மறக்கவில்லை. கோட்டைப் பார்க்காதே, மரத்தைப் பார் என்றார். ஓக்கும் பீச்சும் அடர்ந்து நிழல் விழுகிற இடத்தில் மண் நல்ல மண். அங்கே கல்லைத் தேடாதே. பைனும் பேர்ச்சும் வந்து, தரையில் ஊதாப் பூப் பற்றைகள் படர்ந்து, காலடியில் மணல் வெளுக்கத் தொடங்கினால் கல் கிட்டத்தில் இருக்கிறது. முப்பது மில்லியன் வருடங்களுக்கு முன் அங்கே கடல் இருந்தது. அது விட்டுப்போன மணலின் மேற்பகுதி சிலிக்காவால் இறுகித் தட்டுத்தட்டாகப் பாறையானது. அடியிலிருந்த மணல் அரித்துப்போக, தட்டு உடைந்து சரிவில் உருண்டது. அந்த மேடுகள் ஏறத்தாழ கிழக்கு மேற்காக, ஒன்றுக்கொன்று சமாந்தரமாக ஓடுகின்றன. ஒரு மேட்டின் சரிவில் கல் கிடைக்காவிட்டால் பள்ளத்தில் இறங்கி அடுத்த மேட்டுக்குப் போ. இவ்வளவுதான் அவர் சொன்னது. நான் படித்த எந்தப் புவியியல் புத்தகமும் என்னை இப்படி ஓர் இடத்துக்குக் கூட்டிப்போனதில்லை.

அடுத்த திங்கள் போய்ச் சேர்ந்தோம். நிழல் விலகியது, மணல் வெளுத்தது, பைன்களுக்கிடையே சாம்பல் நிறத்தில், யானைத்தோல் போலச் சுருக்கம் விழுந்த முதல் கல் நின்றது. பிறகு பத்து, பிறகு எண்ண முடியாத அளவு. கல்லின் மேல் உள்ளங்கையளவில் அம்புக்குறியும் எண்ணும் தீட்டியிருந்தார்கள். மஞ்சள் எளிது, செம்மஞ்சளும் நீலமும் அடுத்து, சிவப்பும் கறுப்பும் கடினம். ஒரு நிறத்தின் எண்களைத் தொடர்ந்து போனால் கல்லுக்குக் கல் ஏறி இறங்கி ஒரு சுற்று முடியும். அண்ணை ஏறவில்லை. உள்ளங்கையை ஒரு கல்லில் வைத்தபடி நெடுநேரம் நின்றுவிட்டு, "இது ஆற்ற காணி?" என்று கேட்டார். அரசாங்கக் காடு, ஓவியர்கள் கேட்டதற்காக 1861இலேயே ஆயிரம் ஹெக்டேருக்கு மேல் வெட்டாமல் ஒதுக்கியிருக்கிறார்கள் என்று, சமையற்காரரிடம் கேட்டதைச் சொன்னேன். அண்ணை கல்லடியில் உட்கார்ந்து சப்பாத்தைக் கழற்றினார். லண்டனுக்குப் போகும்வரை அநேகமாக எல்லாத் திங்களும் என்னோடு வந்தார்.

இப்போது என் மகள் கைபேசியோடு வருகிறாள். எந்தக் கல், எந்தப் பக்கம், எங்கே கை வைப்பது, எல்லாம் படத்தோடு திரையில் இருக்கிறது. நீலப் புள்ளி நகர்கிறது, அவள் பின்னால் போகிறாள். நான் பத்து வருடத்தில் கண்ட இடங்களை அவள் ஒரே வருடத்தில் கண்டுவிட்டாள். அதில் எனக்கு மனக்குறை இல்லை. ஒருமுறை காட்டின் நடுவில் ஒருவர் கணுக்கால் முறிந்து கிடந்தபோது, மகள் 112க்கு அழைத்து நின்ற இடத்தைத் துல்லியமாகச் சொன்னாள். என் பென்சில் படத்தால் அது முடிந்திருக்காது.

ஆனால் கைபேசி எல்லோரையும் ஒரே கல்லுக்கு, ஒரே நேர்கோட்டில் கூட்டிவருகிறது. விழுந்தால் தாங்குவதற்கான கதவகல மெத்தையை முதுகில் கட்டியவர்கள் ஒற்றையடிப் பாதையில் நடக்க முடியாமல் ஓரத்துப் பற்றைகளை மிதித்துப் போகிறார்கள். நான் முதலில் கண்டபோது ஆளகலமாக இருந்த பாதை இன்று வண்டி போகும் அகலம். பேர் பெற்ற கல்லின் அடியில் மணல் அரித்து, பைன் வேர்கள் வெளியே தொங்குகின்றன. மழைநீர் அந்த வழியாலேயே ஓடி இன்னும் அரிக்கிறது. இதைப் பார்க்கும்போது எனக்கு நெஞ்சு வலிக்கிறது.

அதைவிட மோசமானது ஈரம். இந்தக் கல்லின் மேலோடு மெல்லியது, உள்ளே இருப்பது அவ்வளவாக இறுகாத மணல். நனைந்தால் பலம் குறைந்துவிடும். பிடிக்கிற விளிம்பு கையோடு வந்துவிடும், மறுபடி ஒட்டாது. போன ஒக்டோபரில், இரவெல்லாம் மழை பெய்த மறுநாள், நாலைந்து இளைஞர்கள் துவாயால் கல்லைத் துடைத்துத் துடைத்து ஏறிக்கொண்டிருந்தார்கள். மகள் போய் விளக்கினாள். துடைத்தால் தோல்தான் காயும், தண்ணீர் உள்ளே நிற்கும் என்று. வழி காட்டிய திரை தங்களுக்கு இதைச் சொல்லவில்லை என்றார்கள். அவர்கள் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. எனக்கு ஒரு சமையற்காரர் இருந்தார், அவர்களுக்கு யாரும் இல்லை.

திரும்பும்போது மகள் கைபேசியைப் பைக்குள் போட்டாள். "அப்பா, அடுத்த முறை நீங்க கூட்டிக்கொண்டு போங்கோ" என்றாள். போனோம். ஓக் முடிகிற இடத்தை அவளே கண்டுபிடித்தாள். ஒன்றரை மணி நேரம் எடுத்தது. கற்கூட்டத்தின் பின்பக்கமாகப் போய்ச் சேர்ந்தோம். தான் இருபது தரமாவது ஏறிய கல்லின் முதுகை அன்றுதான் பார்க்கிறாள். பாசி படர்ந்து, யாரும் தொடாமல் இருந்தது.

பாரிஸில் இருக்கிறவர்களே, ஒரு நாள் புவா-லெ-ருவாவில் இறங்குங்கள். ஐஜிஎன் என்ற பிரெஞ்சு அரச நிறுவனம் வெளியிடும், இருபத்தையாயிரத்தில் ஒன்று அளவிலான வரைபடம் ஒன்றை வாங்கிக்கொள்ளுங்கள். இருக்கிற பாதையிலேயே நடவுங்கள். ஏறுவதற்கு முன் சப்பாத்தின் அடியில் ஒட்டிய மணலைத் துடையுங்கள், அந்த மணலே கல்லைத் தேய்க்கும். முந்திய இரவு மழை பெய்திருந்தால் கல்லில் கை வைக்காதீர்கள். அன்று நடந்துவிட்டு மட்டும் வாருங்கள்.